அளவுச் சாப்பாடும் முழுச் சாப்பாடும்: கீழமாசி வீதி அருகே ஒரு மெஸ்

மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் மதியம் மட்டும் இயங்கும் சிறிய சைவ மெஸ் இது. மொத்த மளிகைக் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்களும், அதே கடைகளில் கல்லாவில் அமர்ந்து கணக்குப் பார்க்கிறவர்களும் இங்கே அருகருகே இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். இருவருக்கும் வேண்டிய உணவின் அளவு ஒன்றல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்த வேலை செய்தால் நாளொன்றுக்கு 2,110 கிலோ கலோரியும், கடும் உடலுழைப்பு செய்தால் 3,470 கிலோ கலோரியும் தேவைப்படும்.

இந்த வேறுபாட்டை மெஸ் நடத்தும் அம்மா நன்கு உணர்ந்திருக்கிறார் என்பதே இக்கடையை நான் பரிந்துரைக்க முதற்காரணம். அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டு விலை உண்டு. எதை வாங்கினாலும், பரிமாறுகிறவர் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சோற்றை வைக்கிறார். கேளாமல் குவித்து, பாதியை இலையோடு மடித்தெறியச் செய்யும் வழக்கம் இங்கில்லை.

தண்ணீரிலும் அதே அக்கறை தெரிகிறது. உட்கார்ந்த வேலை செய்யும் ஆணுக்கே உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 32 மில்லி நீர் வேண்டும் என்பது அதே பரிந்துரை. 65 கிலோவுக்கு அது இரண்டு லிட்டரைத் தாண்டும். சித்திரை வெயிலில் மூட்டை சுமக்கிறவருக்கு இது போதவே போதாது. இலை போட்டவுடன் ஒரு சொம்பு சீரகத் தண்ணீர் வந்துவிடுகிறது. தீர்ந்தால் கேட்காமலே நிரப்புகிறார்கள். ரசமும் மோரும் நீர்த்தேவையில் ஒரு பங்கைத் தீர்க்கின்றன. வெந்த சோற்றின் எடையிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

குறை காய்கறியில் இருக்கிறது. 2,000 கிலோ கலோரி உணவுக்கு 250 கிராம் தானியமும் 400 கிராம் காய்கறியும் என்று 2024-ஆம் ஆண்டின் தேசிய உணவு வழிகாட்டி கூறுகிறது. 250 கிராம் அரிசி வெந்தால் ஏறத்தாழ 700 கிராம் சோறாகிறது; முழுச் சாப்பாட்டில் ஒரு வேளையிலேயே அந்த அளவை எட்டிவிடலாம். ஆனால் பொரியலும் கூட்டும் ஆளுக்கு ஒரு கரண்டிதான். மறுபடி கேட்டால் தனிக்காசு. சோற்றில் காட்டும் தாராளத்தைக் கீரையிலும் அவரைக்காயிலும் காட்டினால், கல்லாவில் அமர்ந்திருப்பவருக்கு அதுவே பெரிய உபகாரமாக இருக்கும். விலை சிறிது கூடினாலும் வாடிக்கையாளர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

உப்பும் சற்றுத் தூக்கல். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என எல்லாவற்றையும் சேர்த்தால் அதில் பெரும்பகுதி இந்த ஒரு வேளையிலேயே தீர்ந்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாயை வேண்டாம் எனச் சொல்லிவிடுவது நல்லது. சுவையில் குறையில்லை, வத்தக்குழம்பு குறிப்பாகச் சிறப்பு.

ஒரு மணிக்கு முன்பே போனால் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வாங்குவோர் தூக்குச்சட்டி கொண்டுபோகலாம். அதில் ஊற்றித் தர அவர்கள் தயங்குவதில்லை.