இல்லம் தேடிக் கல்வியா, எண்ணும் எழுத்துமா? டெல்டா பள்ளிகளை வைத்து ஓர் அலசல்

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அதனால் படிப்பில் விழுந்த பள்ளத்தை நிரப்ப தி.மு.க. அரசு கையிலெடுத்தவை இரண்டு.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, சாயங்கால வகுப்பு. சுமார் இருபது பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர், அவருக்கு மாதம் 1,000 ரூபாய். தொடக்க வகுப்புக்குச் சொல்லித்தர பிளஸ் டூ படித்திருந்தால் போதும். கோயில் மண்டபத்திலும் நடத்தலாம் என்பதால் வேகமாக ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சீக்கிரமே இருட்டிவிடும். பிள்ளைகள் வர மாட்டார்கள். தன்னார்வலருக்குக் கல்யாணமோ வேறு வேலையோ அமைந்தால் மையமே நின்றுபோகும்.

2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் வகுப்பறைக்குள்ளேயே நடப்பது. ஒன்று முதல் மூன்று வரை (மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும்) பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். பாடத்தை முடிப்பதைவிட பிள்ளையைப் பார்ப்பது முக்கியம் என்று சொன்னதாலேயே அரசுக்கு இதில் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். சிக்கல் ஈராசிரியர் பள்ளிகளில். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அரும்புப் பிள்ளையின் கைபிடித்து எழுதவைக்க வேண்டிய நேரத்தைச் செயலியில் மதிப்பீடு ஏற்றும் வேலை தின்றுவிடுகிறது. அந்த வேலையைக் குறைக்காதது அரசின் தவறு.

2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுக்க விரிவாக்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அம்மா கருக்கலில் நடவுக்குப் போய்விடும் வீட்டில், முதல் பீரியடில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் இருப்பது அதனால்தான்.

பலன் தெரிய தேர்ச்சி விழுக்காட்டைப் பார்க்காதீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம், பாடத்தில் இல்லாத நான்கு வரியைக் கொடுங்கள். பாடத்தில் உள்ளதென்றால் மனப்பாடமாக ஒப்பித்துவிடும். 'கொடி'யை 'கோடி' என்று படித்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னும் பிடிபடவில்லை. பிறகு 52-ல் 27 கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதினால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு அடுத்த பாடம் வேண்டாம். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டு, இரண்டு உதிரிக் குச்சி கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள்.