செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூ: ஒன்பது ஆண்டு அனுபவம்

இந்த மூன்று செடிகளையும் ஒன்பது ஆண்டுகளாகத் தோட்டத்தில் வளர்த்து வருகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நீரும் ஒரே உரமும் கொடுத்து வந்தேன். அது தவறு என்பதைச் செடிகளே உணர்த்தின.

காகிதப்பூ வேலியையே மூடுமளவுக்குத் தழைத்ததே தவிர, பூ அரிதாகத்தான் வந்தது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஈரமும் மிகுந்தால் அது இலையையே பெருக்கும். நான்காம் ஆண்டில் உரத்தை நிறுத்திவிட்டு, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே நீர் ஊற்றத் தொடங்கியதும் கிளைகளின் நுனிவரை நிறம் ஏறியது. இதழ்கள் என்று நாம் எண்ணுபவை உண்மையில் நிறம் கொண்ட இலைகளே. அவற்றின் நடுவே நிற்கும் மெல்லிய சிறு குழல்கள்தாம் பூக்கள்.

என்னை மிகவும் வருத்தியது இட்லிப்பூச் செடிதான். இளந்துளிர்கள் வெளிறி மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. தழைச்சத்துக் குறைவென்று கருதி உரமிட்டும் பயனில்லை. அக்குறைவு என்றால் முதிர்ந்த அடியிலைகளே முதலில் மஞ்சளாகியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. செடி நின்ற இடம் சிமெண்ட் சுவரின் ஓரம். அங்கே மண்ணின் காரத்தன்மை கூடியிருந்ததால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர்களால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. சுவரைவிட்டுத் தள்ளி, மக்கிய தொழுவுரம் கலந்த மண்ணில் மாற்றி நட்டு, இரும்புச்சத்துக் கரைசலை இலைகளில் தெளித்த பிறகு வந்த துளிர்கள் கரும்பச்சையாக விரிந்தன. பழைய இலைகள் மஞ்சளாகவே இருந்து உதிர்ந்தன.

இட்லிப்பூ கிளை நுனியில் கொத்தாகப் பூப்பதால், ஒரு சுற்றுப் பூ முடிந்தவுடனே கிளை நுனிகளை வெட்டிக் கவாத்து செய்துவிடுகிறேன். தாமதித்து வெட்டினால், அடுத்து உருவாகும் மொட்டுகளும் சேர்ந்து போய்விடும். செம்பருத்தியும் புதுக் கிளைகளில்தான் பூக்கும் என்பதால் அதையும் ஆண்டுக்கொருமுறை, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல், கணுவுக்குச் சற்று மேலே வெட்டுகிறேன்.

செம்பருத்தியின் ஓயாத தொல்லை மாவுப்பூச்சி. தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறுவதைக் கண்டால் உடனே இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பேன். பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காகவே அவை வருகின்றன. தொடக்கத்திலேயே நீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்தால் கட்டுப்படுகிறது. வெயிலில் தெளித்த ஒருமுறை இலைகள் கருகிவிட்டன.