கடனில் மூழ்கிய கொரியக் குழுமங்கள்: கணினித் தொழிலை விற்பதா, கட்டி மாரடிப்பதா?

ரிச்சி தெருவில் கடை வைத்திருந்தபோது கடன் ஏறியதும், கணினிகளைப் பொருத்தி விற்பதைக் கைவிட்டுப் பழுதுபார்ப்பை மட்டும் தொடர்ந்தவன் நான். அதனால் ‘விற்றுவிடு’ என்ற பக்கமே சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1997 ஆசிய நிதி நெருக்கடியின்போது கொரியாவின் முதல் 30 குழுமங்களின் கடன், சராசரியாகச் சொந்த மூலதனத்தைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தது. 1999 இறுதிக்குள் அதை இரண்டு மடங்காகக் குறைக்கச் சொன்னது அரசு. நட்டத்தில் ஓடும் தொழிலை வைத்துக்கொண்டு அது நடக்காது. இதில் விவாதிக்க எதுவும் இல்லை. எதை விற்பது என்பதில்தான் சிக்கல்.

என் அளவுகோல் ஒன்றுதான்: பொருளின் உயிர்நாடியான தொழில்நுட்பம் யாருடையது? சாம்சங் 1995-இல் அமெரிக்காவின் ஏஎஸ்டி கணினி நிறுவனத்தில் சுமார் 40 சதவீதப் பங்கை வாங்கியது. 1997-இல் மீதியையும் வாங்கியது. அந்தக் கணினிக்குள் இருந்த செயலி இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. ஏஎஸ்டிக்கு மிஞ்சியது பெட்டியும் பொருத்தும் கூலியும் பெயரும்தான். கிடங்கில் தேங்கிய கணினி வாரத்துக்கு வாரம் விலை இழக்கும். கடை நடத்தியவர்களுக்கு அந்த வலி தெரியும். 1999-இல் பெயர் உட்பட விற்றுவிட்டு வெளியேறியபோது சாம்சங் பெரும்பணத்தை இழந்திருந்தது. இத்தகைய தொழிலில் காத்திருந்தால் காலம் மாறும் என்பது வீண் நம்பிக்கை. நட்டத்தின் முதல் ஆண்டிலேயே விற்றிருக்க வேண்டும்.

நேரத்தோடு விற்றதற்கு ஹூண்டாய் எலெக்ட்ரானிக்ஸ் சான்று. 1995-இல் வாங்கிய சிம்பயாஸ் சில்லு நிறுவனத்தை 1998-இல் அமெரிக்காவின் எல்எஸ்ஐ லாஜிக் நிறுவனத்துக்கு 76 கோடி டாலருக்கு விற்றது. வாங்கிய விலையைவிட இரு மடங்குக்கு மேல்! வன்தட்டுத் தொழிலை சாம்சங் 2011-இல் வன்தட்டு நிறுவனமான சீகேட்டுக்கு 137.5 கோடி டாலருக்குக் கொடுத்தது. அதில் பாதி சீகேட் பங்குகளாக வந்தது. சாம்சங் அப்போது கடனாளி அல்ல என்பது உண்மைதான். ஆனாலும், தரவைச் சில்லிலேயே சேமிக்கும் தன் சொந்த ஃபிளாஷ் நினைவகமே வன்தட்டை விழுங்கப் போகிறது என்ற நிலையில் விலை கிடைத்தபோதே விற்றது கெட்டிக்காரத்தனம்.

‘விற்காதே’ என்னும் எதிர்த்தரப்பின் பிரம்மாஸ்திரம் ஹைனிக்ஸ். ஹூண்டாய் எலெக்ட்ரானிக்ஸ் 1999-இல் அரசின் அழுத்தத்தால் எல்ஜி செமிகானை வாங்கிக் கடனில் புதைந்து, 2001-இல் ஹைனிக்ஸ் எனப் பெயர் மாறியது. நினைவகத் தொழிலை அமெரிக்கப் போட்டியாளரான மைக்ரானுக்கு விற்கும் ஒப்பந்தத்தை 2002 ஏப்ரல் 30 அன்று அதன் இயக்குநர் குழு நிராகரித்தது. பழைய கருவிகளையே மாற்றியமைத்துப் புதிய தலைமுறைச் சில்லுகளைச் செய்து மீண்டது. 2012-இல் எஸ்கே குழுமத்திடம் போய், இன்று செயற்கை நுண்ணறிவுக்கான எச்பிஎம் எனும் அதிவேக நினைவகத்தில் முன்னணியில் நிற்கிறது. இங்கே தொழில்நுட்பம் சொந்தம். நினைவக விலையும் விழுந்தால் ஒருநாள் எழும். என் அளவுகோலின்படியே இதை வைத்துக்கொண்டது சரி.

ஆனால் அந்தப் பிழைப்புக்கு விலை கொடுத்தது யார்? வங்கிகள் கடனைப் பங்குகளாக மாற்றிக்கொண்டன. 2003-இல் 21 பங்குகள் ஒன்றாகச் சுருக்கப்பட்டன. ‘விற்காதே’ என்று போராடிய சிறு முதலீட்டாளர்களின் சேமிப்பும் அதோடு கரைந்தது. வங்கிகளின் உதவியை அரசு மானியம் என்று சொல்லி அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஹைனிக்ஸ் சில்லுகளுக்குத் தனி வரி விதித்தன. இத்தனையையும் தாங்கும் ஆதரவு எல்லாக் கடனாளி நிறுவனத்துக்கும் கிடைக்காது.

என் பக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு. அதே ஹைனிக்ஸ், எல்சிடி திரை தயாரிக்கும் பிரிவான ஹைடிஸை 2003-இல் சீனாவின் பிஓஇ நிறுவனத்துக்கு 38 கோடி டாலருக்கு விற்றது. பிஓஇ அந்தத் தொழில்நுட்பத்தைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோய் வளர்ந்தது. ஹைடிஸ் கடனைத் தீர்க்க முடியாமல் 2006-இல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. இன்று எல்சிடி திரைகளில் கொரியர்களைப் பின்னுக்குத் தள்ளியிருப்பது பிஓஇதான். திரைத் தயாரிப்பில் எனக்கு அனுபவமில்லை. அன்றைய கடன் நெருக்கடியில் வேறு வழி இருந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன். குறைந்தபட்சம் ஆலையை மட்டும் விற்று, காப்புரிமைகளை வாடகைக்கு விட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.