விதி சுவரில் இருக்கிறது, பிள்ளைக்குத் தெரியுமா?

"பத்திரமாக இரு, மரியாதையாக இரு, பொறுப்பாக இரு." அமெரிக்காவில் பிபிஐஎஸ் எனப்படும் நேர்மறை நடத்தை ஆதரவுத் திட்டம் உள்ள பள்ளிகளில் இப்படி மூன்று நான்கு விதிகள் நடைவழிச் சுவரில் இருக்கும். நல்ல நடத்தையைப் பாடம்போலக் கற்றுக்கொடு, கடைப்பிடித்தால் பாராட்டு என்பதே திட்டத்தின் சாரம். சுவரில் ஒட்டப் பசை போதும். திட்டத்தைப் பள்ளி சொன்னபடி நடத்துகிறதா என்று அளக்கத்தான் செட் (SET), பிஓக்யூ (BoQ), டிஎஃப்ஐ (TFI) என்று மூன்று கருவிகள்.

மூத்தது செட். 2001-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. 7 பிரிவுகள், 28 கேள்விகள். வெளியாள் ஒருவர் வந்து முதல்வரிடம் பேசி, ஆவணங்களைப் புரட்டி, ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் ஆங்காங்கே நிறுத்தி "உங்கள் பள்ளி விதிகள் என்னென்ன?" என்று கேட்பார். பள்ளிக்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். நூறு பள்ளி உள்ள மாவட்டத்துக்கு இது கட்டுப்படியாகாது.

ஆனால் செட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தேற மொத்தத்தில் 80 சதவீதம் போதாது. 'கற்றுக்கொடுத்தல்' பிரிவில் தனியாக 80 வேண்டும். காரணம் எளிய கணக்கு. மொத்த மதிப்பெண் ஏழு பிரிவுகளின் சராசரி. மற்ற ஆறிலும் நூறு வாங்கிவிட்டு, கற்றுக்கொடுப்பதில் பூஜ்யம் வாங்கினாலும் சராசரி 85-ஐத் தாண்டும். அந்த ஓட்டையை இரண்டாவது 80 அடைக்கிறது.

பிஓக்யூ ஃப்ளோரிடாவில் பிறந்தது. 53 அம்சங்கள், தேர்ச்சி 70 சதவீதம். பள்ளியில் திட்டத்தை நடத்தும் குழுவினர் ஆளுக்கொரு தாளில் தனித்தனியே குறிக்க, குழுவுக்கு வழிகாட்டும் பயிற்சியாளர் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒருவர் "நடக்கிறது" என்றதை இன்னொருவர் "இல்லை" என்றால், அதன்பின் வரும் வாக்குவாதம்தான் உண்மையான லாபம். ஆனால் செட்போல வெளியாள் வந்து பிள்ளைகளைக் கேட்பதில்லை.

டிஎஃப்ஐ 2014-இல் வந்தது. மற்ற இரண்டும் எல்லா மாணவருக்குமான முதல் அடுக்கோடு நின்றுவிட, இது, கூடுதல் உதவி வேண்டிய மாணவர்களுக்கான மற்ற இரண்டையும் சேர்த்து மூன்று அடுக்குகளையும் அளக்கிறது: 2.1 பதிப்பில் 15, 13, 17 என 45 அம்சங்கள். குழு பயிற்சியாளரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 போடும். முதல் அடுக்குக்கு, பள்ளியைச் சுற்றி வந்து சில ஆசிரியர்களையும் மாணவர்களையும் கேட்கும் ஒரு குட்டி நடையும் உண்டு. இங்கேயும் 70 தான் தேர்ச்சி. ஆனால் செட்டில் உள்ள அந்த இரண்டாவது பூட்டு இல்லை. முதல் அடுக்கில் 'கற்றுக்கொடுத்தல்' அம்சத்துக்கு 0 வாங்கினாலும் 30-க்கு 28 எடுக்கலாம், 93 சதவீதம்!

சரி, எதை எடுப்பது? ஆராய்ச்சிக்கு செட். வருடாவருடம் பார்க்க, மூன்று அடுக்கும் வேண்டுமென்றால், டிஎஃப்ஐ; ஆனால் அந்த ஒரு அம்சத்தைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள், நடையையும் விட்டுவிடாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மேஜையில் ஒருமனதாக நிரப்பிய டிஎஃப்ஐயைவிட பிஓக்யூ எவ்வளவோ மேல். அதிலாவது ஆளுக்கொரு தாள்.