ஆறு வருடம், மூன்று செட் பவர் வால்வு, அந்த மூன்றாவது சாக்கெட்

போன வாரம் வால்வில் ஓடும் என் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்து வீட்டுக்கு வந்தது. அன்றைக்கே ஒரு நண்பர் கேட்டார்: "உங்ககிட்ட இருக்கிற அதே மாடல் செகண்ட்ஹேண்டில் கிடைக்குது, வாங்கலாமா? வாங்கினா அந்த இஎல்34-ஐ எல்லாம் கழட்டிட்டு கேடி88 போட்டுக்கலாம்னு இருக்கேன்." இஎல்34, கேடி88 இரண்டும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு வகைகள். இரண்டு வரியில் பதில் சொல்லத்தான் பார்த்தேன். முடியவில்லை, இவ்வளவு நீண்டுவிட்டது.

அடிப்படை விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சேனலுக்கு இரண்டு வீதம் நான்கு இஎல்34, புஷ்-புல் (இரண்டு வால்வு ஜோடியாக மாறி மாறி இழுப்பது), அல்ட்ராலீனியர் (வால்வை டிரான்ஸ்பார்மரோடு இணைக்கும் ஒரு முறை), பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் வால்வில் ஓடும் கரண்டின் அளவை, நாமே திருகி வைக்க வேண்டிய வகை. ஒவ்வொரு வால்வின் கேத்தோடிலும், அதாவது எலக்ட்ரான்கள் கிளம்பும் முனையிலும், 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. அதன் இரு முனையில் மல்டிமீட்டர் 0.40 வோல்ட் காட்டினால் அந்த வால்வில் 40 மில்லிஆம்பியர் ஓடுகிறது. அவை போய்ச் சேரும் தகடான பிளேட்டில் 430 வோல்ட். பெருக்கினால் 17 வாட் சொச்சம் வரும். இஎல்34-இன் பிளேட் தாங்கக்கூடியது 25 வாட். எந்தப் பயமும் இல்லாத கணக்கு. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய சாக்கெட்டுகளில் இந்தக் கணக்கு ஆறு வருடமாகப் பிசகவில்லை. மூன்றாவதில்தான் அது நிலைக்கவில்லை.

கூடவே வந்த முதல் செட் இரண்டரை வருடம் ஓடியது. தினமும் மாலையில் மூன்று மணி நேரம் என்று வைத்தால் 2,700 மணி நேரம். பவர் வால்வுக்கு இது நல்ல ஆயுசுதான், குறை சொல்ல மாட்டேன். முதலில் போனது மூன்றாவது. நான்கில் ஏதோ ஒன்று முதலில் போகத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது செட் வந்த இரவு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பழையதைக் கழற்றும்போது கண்ணாடியைப் பிடிக்காமல் கீழே உள்ள கறுப்பு அடித்தளத்தைப் பிடித்து, லேசாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். கண்ணாடியைப் பிடித்துத் திருகினால் அடித்தளத்தோடு ஒட்டியிருக்கும் பிடிப்பு விட்டுப்போகும். எட்டு பின்களுக்கு நடுவில் ஒரு தடித்த குச்சி, அதில் ஒரு சின்ன வரம்பு. அந்த வரம்புதான் வால்வைச் சரியான திசையில் உட்கார வைக்கிறது. அது உடைந்த வால்வை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு பின் தள்ளிச் செருகிவிட்டால் 430 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும். புது வால்வின் உள்பக்கத்தில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் வெள்ளிப் பூச்சு இருக்கும், பேரியம். உள்ளே எஞ்சியிருக்கும் காற்றை அது தின்றுவிடுகிறது. அந்த வெள்ளி பால் வெள்ளையாக மாறிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது என்று பொருள். நான்கையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்கும் பளிச்சென்று இருந்தன.

போட்டு, கையேட்டில் உள்ளபடி பத்து நிமிடம் காத்திருந்து, நான்கையும் 0.40-க்கு வைத்தேன். அப்புறம் கேட்டேன். நடுத்தர வயதுப் பெண் குரல், கூட ஒரு வயலின், வேறு எதுவும் கிடையாது. பாடகி அடுத்த அடிக்கு மூச்சை இழுப்பதும், வயலினின் வில் திசை மாறும் இடத்தில் எழும் அந்தச் சின்ன உராய்வும் அறைக்குள்ளேயே நடப்பது மாதிரி இருந்தது. இஎல்34 குரலுக்கென்றே பிறந்தது என்று பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று இரவு நானே ஒப்புக்கொண்டேன். இந்த ஒரு விஷயத்தில் இந்த ஆம்ப் மேல் எனக்கு மனத்தாங்கல் துளியும் இல்லை, இனியும் வராது.

ஆறு மாதம் போயிருக்கும். இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் மகள் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, அதுல ஒண்ணு மட்டும் ரொம்ப சிவப்பா இருக்கு" என்றாள். வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வெளிச்சம் எப்போதும் ஆரஞ்சு நிறம்தான், நடுவில் மட்டும் தெரியும். இதில் வெளியே இருக்கும் சாம்பல் நிறத் தகடே, அதாவது பிளேட்டே, ஒரு பக்கம் அடுப்புக் கரி மாதிரி சிவந்திருந்தது. மூன்றாவது வால்வு. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன்.

மறுநாள் பயாஸ் பார்த்தால் 0.41. எந்தக் கோளாறும் இல்லாதது போல. விடாமல் மீட்டரை மாட்டியே வைத்தேன். அரை மணியில் 0.48. ஒரு மணி நேரத்தில் 0.62. அதாவது 62 மில்லிஆம்பியர், 26 வாட்டுக்கு மேல். சிவக்காமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இரண்டாவது வால்வையும் மூன்றாவதையும் இடம் மாற்றினேன். கோளாறு வால்வோடு போனால் வால்வில் குற்றம், சாக்கெட்டிலேயே நின்றால் ஆம்ப்பில் குற்றம். சோதனை சரியானதுதான். ஆனால் மாற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத்தான் அளந்தேன், கையேடு பத்து நிமிடம் என்று சொல்லியிருந்ததால். இரண்டும் 0.40 காட்டின. ஏதோ பின் சரியாக உட்காராமல் இருந்திருக்கும் என்று நினைத்து மூடிவிட்டேன். மறு வாரமே மூன்றாவது சாக்கெட்டில் மறுபடி ஏறியது. சிவந்து போனது எப்படியும் கெட்டிருக்கும், கூட இருந்ததும் அதே பெட்டியில் வந்தது என்று, வால்வு விற்றவருக்குப் புகார் எழுதினேன். பொருத்தம் பார்த்து அனுப்பிய நான்கில் ஒன்று சொத்தை என்று கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன். அவர் மறுபேச்சு பேசாமல் வேறு ஒன்று அனுப்பினார்.

அதுவும் ஏறியது. சரி, சூடான பிறகு 0.40 வரும்படி குறைத்து வைத்துவிடுவோம் என்று பார்த்தேன். அப்போது முதல் அரை மணி நேரம் அந்த வால்வு பாதி உறக்கத்தில் இருக்கும், 0.20-தான். புஷ்-புல்லில் ஜோடி இரண்டும் ஒரே அளவு இழுக்க வேண்டும். ஒன்று அதிகமாக இழுத்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரும்பு ஒரு பக்கமாகக் காந்தத்தால் நிறைந்துபோய் பேஸ் மெலிந்துவிடும், உறுமலும் எழும். எனக்கு வலது ஸ்பீக்கரில் இரண்டுமே இருந்தன. பாட்டு கேட்க உட்கார்ந்தால் காது பாட்டில் நிற்கவில்லை, வலது பக்கத்தையே கண்காணித்துக்கொண்டிருந்தது. ஒரு நல்ல ஆம்ப் இப்படி ஆவது பெரிய கொடுமை. ஒரு வருடம் அப்படியே ஓட்டிவிட்டு மூன்றாவது செட்டும் வாங்கினேன். அதே கதை.

போன மாதம்தான் வயதான ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். கதையெல்லாம் சொல்ல விடவில்லை. ஒரே கேள்வி: "போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு ஏறுது?" ஒரு மணி நேரம் ஆகுது ஐயா என்றேன். தலையை ஆட்டிவிட்டு நான்கு பவர் வால்வையும் கழற்றி ஓரமாக வைத்தார். பெட்டியைக் கவிழ்த்து, பெரிய கெப்பாசிட்டர்களில் தங்கியிருந்த மின்சாரத்தை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். பிறகு வால்வு இல்லாமலேயே போட்டு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஐந்தாவது பின்னை அளந்தார். அதுதான் கிரிட், வால்வின் கரண்டை அடக்கிவைக்கும் முனை. அங்கே மைனஸ் வோல்ட் கூடக் கூட வால்வு அடங்கும். மைனஸ் 37, 37, 37, 37. நான்கும் ஒன்று. அப்புறம் சூடான காற்று ஊதும் கருவியை எடுத்து, மூன்றாவதற்கு முன்னால் இருக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் மேல் ஊதினார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 36.5, 36, 35, 34. இரண்டே நிமிடத்தில் 33. ஊதுவதை நிறுத்தினார், மெதுவாக மறுபடி 37-ஐ நோக்கிப் போக ஆரம்பித்தது. "வால்வு பாவம்" என்றார்.

(இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். வால்வு இல்லாதபோது உள்ளே வோல்டேஜ் இன்னும் ஏறும், தொட்டால் உயிருக்கே ஆபத்து.)

நடந்தது இதுதான். பவர் வால்வுக்குப் பாட்டை அனுப்பும், முன்னால் உள்ள டிரைவர் வால்வின் பிளேட்டில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கிறது. பாட்டை மட்டும் விட்டுவிட்டு அந்த டிசியை, மாறாமல் நிற்கும் வோல்டேஜை, மறிப்பதுதான் இந்த 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் வேலை. சூடானால் இது மறிக்கவில்லை, கசியவிட்டது. கசிவு 20 மைக்ரோஆம்பியர்கூட இருக்காது. ஆனால் கிரிட்டிலிருந்து போகும் ரெசிஸ்டர் 220 கிலோஓம், அதன் வழியாக ஓடும்போது நான்கு வோல்ட் ஆகிவிடுகிறது. கிரிட் நான்கு வோல்ட் மைனஸ் குறைந்தால் இஎல்34 இருபதுக்கு மேல் மில்லிஆம்பியர் கூடுதலாக இழுக்கும். குளிர்ந்திருக்கும்போது சாதாரண மீட்டரால் அளந்தால் கெப்பாசிட்டர் நல்லதாகவே தெரியும். பத்து நிமிடத்தில் அளந்தாலும் தெரியாது.

அது ஏன் மூன்றாவது மட்டும்? அவர் பெட்டியைச் சாய்த்துக் காட்டினார். அந்தக் கெப்பாசிட்டருக்கும் ஒரு பத்து வாட் சிமென்ட் ரெசிஸ்டருக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. ரெசிஸ்டர் கை வைக்க முடியாத சூடு. மற்ற மூன்று கெப்பாசிட்டர்களும் எட்ட இருக்கின்றன. இரண்டு அங்குலம் தள்ளி வைக்க இடம் காலியாகக் கிடக்கிறது! இந்த அமைப்பை வரைந்தவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கு இரண்டு செட் வால்வும் மூன்று வருடப் பாட்டும் மிஞ்சியிருக்கும். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. வால்வு மேல் இத்தனை அக்கறை எடுத்து, டிரான்ஸ்பார்மரை இவ்வளவு நன்றாகச் சுற்றி, அந்தக் குரலைக் கொண்டுவந்த அதே ஆட்கள் இதை எப்படி விட்டார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கையேட்டிலாவது "ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளக்கவும்" என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

நான்கு கெப்பாசிட்டரையும் மாற்றி, மூன்றாவதைத் தள்ளி வைத்து, ரெசிஸ்டரைத் தகட்டிலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்திக் கொடுத்தார். நான்கும் சேர்ந்து ஒரு வால்வின் விலைகூட வரவில்லை. வீட்டுக்கு வந்து, அலமாரியில் கிடந்த இரண்டாவது செட்டைப் போட்டுப் பார்த்தேன். சிவந்தது மட்டும் உண்மையிலேயே போய்விட்டது. மற்ற மூன்றும், வால்வு விற்றவர் பிறகு அனுப்பியதும், உயிரோடுதான் இருக்கின்றன. அவருக்கு அன்று இரவே எழுதி, தப்பு என்னுடைய ஆம்ப்பில், உங்கள் வால்வில் இல்லை என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் என்னால் பாட்டு கேட்டிருக்க முடியாது.

இனி கேடி88. வேண்டாம் என்பது என் பதில். கேடி88 1956-இல் வந்தது, இஎல்34-ஐவிடப் பெரிய உடம்பு, பிளேட் தாங்குவதும் மிக அதிகம். சாக்கெட்டில் உட்காரும், ஹீட்டருக்கும் வால்வு ஒன்றுக்கு 0.1 ஆம்பியர்தான் கூடுதல், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அதே கரண்டுக்கு அதற்கு கிரிட்டில் இன்னும் நிறைய மைனஸ் வேண்டும், 50 வோல்ட் பக்கம். இந்த ஆம்ப்பில் திருகைக் கடைசி வரை திருகினாலும் மைனஸ் 44-க்கு மேல் போகாது. அடக்க முடியாத வால்வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போகட்டும், பயாஸ் சப்ளையை மாற்றிவிட்டே போட்டாலும், பவர் சப்ளையும் டிரான்ஸ்பார்மரும் அதேதானே, வாட் எங்கிருந்து கூடும்? பேஸ் கொஞ்சம் இறுக்கமாகலாம். அந்தக் குரலை இழந்து எனக்கு அந்த இறுக்கம் வேண்டாம்.

வால்வு வரும் பெட்டியின் மேல் உள்ள பெயருக்காக அதிகம் கொடுக்கவும் வேண்டாம். முல்லார்ட், டங்-சோல், ஜெனலெக்ஸ் என்ற பழைய பெயர்களில் இன்று புதிதாக வருபவை ரஷ்யாவின் சரத்தோவ் நகரத்து ஆலையில் செய்யப்படுபவை. நல்ல வால்வுகள்தான். ஆனால் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்த அந்தப் பழைய முல்லார்ட் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஆம்ப்பை வாங்கலாமா? என்னிடம் இருப்பதை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் வாங்காதீர்கள். உங்களுக்கு வரப்போகும் பெட்டியிலும் அந்தக் கெப்பாசிட்டர் அதே ரெசிஸ்டர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும், விற்பவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எல்லாம் தெரிந்தும் வாங்கியே தீருவேன் என்றால், முதல் நாளே கவிழ்த்துப் பார்த்து அந்த நான்கையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்வரை இருட்டில் வைத்துக் கேளுங்கள், சிவந்தால் தெரியும்.

நேற்று இரவு இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அளந்தேன்: 0.40, 0.39, 0.40, 0.40. மூன்றாவதை மட்டும் இன்னும் ஒரு முறை பார்த்துவிட்டு, மீட்டரைக் கழற்றி டிராயரில் வைத்துவிட்டேன்.