ஒகியானோஸ் எக்ஸ்ப்ளோரர் நேரலை: ஐந்துக்கு ஐந்து

பதினோரு வருடமாகப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பவளப்பாறை என்றால் வெயில் படுகிற ஆழமில்லாத கடல் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா, ஒகியானோஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பலிலிருந்து ஒளிபரப்பும் ஆழ்கடல் நேரலையைப் பார்த்த பிறகு பாடத்தை மாற்றிக்கொண்டேன்.

கட்டணம் கிடையாது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலையில் கேமரா பொருத்திய ரோபோவைக் கடலுக்குள் இறக்கினால் நமக்குச் சாயங்காலம். கப்பல் கடலில் இல்லாத நாட்களில் பழைய பதிவுகள் இருக்கின்றன. முதலில், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கடலடியில் இருக்கும் பிளேக் பீடபூமியைப் பாருங்கள். மியாமியிலிருந்து சார்லஸ்டன் வரை 500 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவள மேடுகள். 2024இல் வெளியான ஆய்வில் 83,908 மேட்டு முகடுகளை எண்ணியிருக்கிறார்கள்!

வெளிச்சமே எட்டாத இடம், நான்கு டிகிரி குளிர். அங்கே லோஃபீலியா என்ற வெள்ளைப் பவளம் புதர் புதராக நிற்கிறது. வெயில் படும் பவளங்களுக்கு உணவு தரும் பாசியின் துணை இதற்கு வேண்டாம். நீரோட்டம் கொண்டுவருவதைக் கையால் பிடித்துத் தின்கிறது. கேமரா நெருங்கும்போது ஒவ்வொரு கிளை நுனியிலும் கண்ணாடி போன்ற விரல்கள் விரிந்திருப்பது தெரியும். கீழே செத்த கிளைகள், அவற்றின் இடுக்கில் வண்டல், அதன்மேல் புதுக்கிளை. மேடு உயர்வது இப்படித்தான்.

திரையில் அளவு காட்டும் இரண்டு சிவப்பு லேசர் புள்ளிகள் தெரியும், இடைவெளி 10 சென்டிமீட்டர். நன்றாக வளர்ந்தாலே இந்தப் பவளம் வருடத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான். அப்படியானால் அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் குறைந்தது நான்கு வருட வளர்ச்சி இருக்கிறது. ஃபுளோரிடாவுக்கு அப்பால் இழுவலைகள் நொறுக்கிப்போட்ட ஒக்குலினா பவளத் திட்டுகளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஒரு பதிவில், பவள உச்சியில் நண்டு மாதிரி ஒன்று நீண்ட கொடுக்குகளை மேலே தூக்கி நின்றது. "அம்மா, கேட்ச் பிடிக்க நிக்குது" என்றாள் மகள். உண்மையில் அது மிதந்து வரும் இரைக்காகத்தான் அப்படி நிற்கிறது.

போனில் பார்க்காதீர்கள், டிவியில் போடுங்கள். அந்தச் சின்ன விரல்கள் போனில் தெரியாது. அப்புறம், சத்தத்தையும் குறைக்காதீர்கள். கரையிலிருக்கும் விஞ்ஞானிகள் லைனில் வந்து "அந்தக் கிளைக்குப் பின்னால் காட்டுங்கள்" என்று கேட்க, ரோபோ மெல்லத் திரும்பும். அதற்காகவே நான் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறேன்.