லெதர் சீட்டா, துணி சீட்டா: 9 வருடம் அதில், 4 வருடம் இதில்

பழைய காரை விற்கும்போது, பார்க்க வருபவர் பானெட்டைத் திறக்கச் சொல்வார், டயரைக் குனிந்து பார்ப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தவர் நேராக டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். சீட்டின் வெளி ஓரத்தில் மேடு தட்டி நிற்குமே, அந்தத் திண்டின் மேல் கட்டைவிரலை அழுத்தி ஒரு இழு இழுத்தார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. "லெதரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் காரை 9 வருடம் ஓட்டினேன். அடுத்து வாங்கியது துணி சீட் வைத்த கார். 4 வருடம் ஆகிறது. இந்த இரண்டு அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். நான் துணியின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிப்பவருக்கும் வசதி.

அழகு, வாசனை, கௌரவம் மூன்றிலும் லெதர்தான் முந்தும். இதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கௌரவம் எப்போதும் இப்படியே இருந்ததில்லை என்பது வேடிக்கை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓட்டுநர் வைத்து ஓட்டிய பெரிய கார்கள் பலவற்றில் முன்பக்கத்துக்குக் கூரை கிடையாது. மழையில் நனையும் ஓட்டுநருக்குத்தான் தோல் சீட். பின்னால் கண்ணாடிக்குள் உட்கார்ந்து வரும் முதலாளிக்குக் கம்பளித் துணி. 2018இல் வந்த டொயோட்டா செஞ்சுரியிலும், ஜப்பானில் பெரும்புள்ளிகள் பின் சீட்டில் ஏறும் கார் அது, கம்பளித் துணிதான் வழக்கமான சீட். தோல் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தோல் சீட்டில் நகர்ந்து உட்கார்ந்தால் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும், துணியில் அது வராது என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம்.

சரி, லெதர் என்று எதைச் சொல்கிறோம்? அந்த ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட சரக்கு வருகிறது. சீட் முழுவதும் அசல் தோல் என்பது ஒரு வகை. நாம் உட்காரும், சாயும் இடத்தில் மட்டும் தோல், பக்கவாட்டிலும் முதுகுப் பின்புறத்திலும் தோல் மாதிரி தெரியும் வினைல் பிளாஸ்டிக் என்பது இன்னொரு வகை. 'லெதர் சீட்' என்று விற்கப்படும் பல கார்களில் இதுதான் நிலவரம். மூன்றாவது லெதரெட், அதாவது நாம் காலங்காலமாக ரெக்ஸின் என்று சொல்லி வந்ததன் வாரிசு. பிவிசி அல்லது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய துணி, அவ்வளவுதான். மெர்சிடிஸ் அதற்கு எம்பி-டெக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது, டொயோட்டா சாஃப்டெக்ஸ் என்கிறது, பிஎம்டபிள்யூ சென்சாடெக் என்கிறது. இதில் எம்பி-டெக்ஸுக்கு இருபது வருடம் ஆனாலும் அசையாது என்ற நல்ல பெயர் உண்டு, எனவே லெதரெட் என்றாலே மட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. சில கார் சீட்டில் வரும் அல்கன்டாரா என்ற மெத்தென்ற துணியைப் பலர் ஸ்வேட், அதாவது மெத்தென்ற தோல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் தோல் துளியும் இல்லை. ஏறத்தாழ 68 சதவீதம் பாலியஸ்டர், 32 சதவீதம் பாலியூரித்தேன்.

அசல் தோலே வாங்கினாலும் நம் கை படுவது தோலின் மேல் அல்ல. கார் சீட் தோலில் பெரும்பாலானவை நிறமி அடித்து, அதன் மேல் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு கொடுத்தவை. 'லெதர் பராமரிப்பு' என்று நாம் செய்வதெல்லாம் இந்தப் பூச்சைக் காப்பாற்றும் வேலை. என் பழைய காரின் விளம்பரத் தாளில் 'லெதர்' என்ற சொல்லின் தலையில், அடிக்குறிப்பைப் பார்க்கச் சொல்லும் ஒரு குட்டி நட்சத்திரக் குறி இருந்தது. வாங்கும்போது அதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அந்த ஓரத் திண்டில் தோலே இல்லை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வெயில் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் அரிசோனாவில் வெயில் 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் கார்களை நிறுத்திவைத்து அளந்து, அதன் முடிவை 2018இல் வெளியிட்டார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் உட்புறம் சராசரியாக 47 டிகிரி, டாஷ்போர்டு 69, சீட் 51. அந்தச் சூட்டில் துணியும்தான் காயும், தோல் மட்டுமல்ல. ஆனால் துணியில் நம் உடம்பு தொடுவது இழைகளின் நுனியை. நடுவில் காற்று நிற்கிறது. வழவழப்பான லெதரோ முழுப்பரப்பும் தொடையில் ஒட்டி, இருக்கும் சூட்டையெல்லாம் ஒரே மூச்சில் இறக்கிவிடும். குளிரிலும் இதே கணக்கு தலைகீழாக. ஏசி போட்டுப் பத்து நிமிடம் போனால் சூடு அடங்கிவிடும் என்பது உண்மைதான், ஆனால் நீண்ட பயணத்தில் முதுகு வேர்ப்பது அடங்காது. ஓட்டை போட்ட லெதருக்கு அடியில் விசிறி வைத்த சீட் இதற்கு மருந்து என்கிறார்கள். 1997இல் வந்த சாப் 9-5 காலத்திலிருந்தே அது உண்டு. அப்படிப்பட்ட காரில் நான் ஓரிரு பயணம்தான் போயிருக்கிறேன், சுகமாகத்தான் இருந்தது. நான்கைந்து வருடத்துத் தூசியும் முடியும் அந்த ஓட்டைகளில் இறங்கிய பிறகு எப்படி இருக்கும் என்பதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைத் துணிக்கு மாற்றியது அந்த ஓரத் திண்டுதான்.

ஒரு சின்னக் கணக்கு. தினமும் ஒரு தடவை வெளியே போய்த் திரும்புவது மட்டும் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். வருடத்துக்கு 1,460 தடவை. 9 வருடத்தில் 13,000 தாண்டிவிடும். ஒவ்வொரு தடவையும் தொடையும் இடுப்பும், பின் பாக்கெட்டின் பித்தளைக் குமிழும் அதே நான்கு விரல் அகல இடத்தில்தான் உரசுகின்றன. சீட்டின் மற்ற பகுதி புதிதுபோல் இருக்கும்போதே இந்த இடம் கிழடு தட்டிவிடும்.

லெதரில் இது எப்படித் தொடங்குகிறது என்று நான் அருகிலிருந்தே பார்த்தேன். முதலில் மெல்லிய மடிப்புக் கோடுகள். அழகாகக்கூடத் தெரியும். பிறகு அந்தக் கோடுகளில் உடம்பு எண்ணெயும் தூசியும் படிந்து, உப்புத்தாள் வேலை பார்க்கும். பூச்சு தேயும், கோடு வெடிப்பாகும், நிறம் போகும். அசல் தோலாக இருந்தால் இந்தக் கட்டத்தில்கூடக் கதை முடிந்துவிடாது. வெடிப்பை நிரப்பி, தேய்த்து, நிறம் ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். லெதரெட்டில் அந்த வழி ஏறக்குறைய இல்லை. பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து வருடக்கணக்கில் வெளியேறி அது விறைக்கும், பிறகு வெடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தாலும் சூட்டாலும் உள்ளுக்குள் சிதைந்து செதில் செதிலாக உரியும். என் காரில் உரிந்தது இப்படித்தான். உள்ளே இருந்த வெள்ளைப் பின்னல் துணி எட்டிப் பார்த்தது. சீட் தைப்பவரிடம் காட்டினேன். ஒட்டுப்போட முடியாது, அந்தத் துண்டையே பிரித்து வேறு வைத்துத் தைக்கலாம், ஆனால் பழசோடு நிறம் சேராது என்றார்.

நான் பராமரிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். முதல் இரண்டு வருடம் வாரம் தவறாமல் ஈரத்துணியால் துடைத்தேன், மாதம் ஒருமுறை கண்டிஷனர் என்ற லெதர் கிரீம் போட்டேன். பூச்சு உள்ள லெதரில் கண்டிஷனர் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடுகிறது, உள்ளே இறங்குவதில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. கண்டிஷனர் போட்டதைவிட அழுக்கைத் துடைத்ததில்தான் பலன் இருந்திருக்கும். வீட்டுச் சோப்பு காரத்தன்மை கொண்டது, லெதருக்கு ஆகாது. கையில் சானிடைசர் ஈரம் காயாமல் ஆர்ம்ரெஸ்டில் கை வைக்கும் பழக்கம் எனக்கு. கட்டைவிரல் அளவில் அங்கே ஒரு மங்கல் வட்டம் விழுந்து, கடைசி வரை போகவில்லை. வெளிர் நிற லெதர் என்றால் ஜீன்ஸின் நீலம் ஏறும் தலைவலி தனி. மூன்றாம் வருடத்திலிருந்து எனக்குச் சலித்துவிட்டது. விடாமல் பத்து வருடம் துடைக்கும் ஆள் நீங்கள் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள், லெதர் உங்களுக்கு ஒத்துவரும்.

இப்போதைய துணி சீட்டின் அதே திண்டு 4 வருடத்தில் என்ன ஆயிற்று? சிறு சிறு நூல் உருண்டைகள் கட்டியது. ஸ்வெட்டருக்கு வைத்திருந்த ரோம உருண்டை வெட்டும் மெஷினை ஐந்து நிமிடம் ஓட்டினேன், போய்விட்டது. உள்ளே இருக்கும் ஃபோம் லேசாக அமுங்கியிருக்கிறது, அதைத் துணி காப்பாற்றாது. ஆனால் வெடிப்போ உரிதலோ இல்லை. என் சீட்டில் இதுவரை நிறம் முழுவதும் சீராகத்தான் மங்கியிருக்கிறது.

துணியின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. போன வருடம் பின் சீட்டில் ஒரு டம்ளர் பால் கொட்டியது. லெதர் என்றால் இரண்டு டிஷ்யூவில் முடிந்திருக்கும். இங்கே பால் துணியைத் தாண்டி ஃபோமில் இறங்கியது. மேலே துடைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம். நான் செய்த முதல் தப்பு தேய்த்தது. தேய்க்கக் கூடாது, காய்ந்த துணியை மேலே வைத்து அழுத்தி அழுத்தி உறிஞ்ச வேண்டும். இரண்டாவது தப்பு, கறை பட்ட இடத்தை மட்டும் நனைத்தது. ஈரம் காயும்போது அழுக்கை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஒரு வளையம் போடும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும் சீராக நனைத்து, தண்ணீரை உறிஞ்சும் வகை வேக்குவம் போட்டு இழுத்தால்தான் வளையம் விழாது. என்சைம் கலந்த கிளீனரும் அந்த வேக்குவமும் சேர்ந்து மூன்று வாரத்தில் நாற்றத்தை விரட்டின.

ஆகவே சின்னக் குழந்தைகளோ நாயோ அடிக்கடி ஏறும் பின் சீட்டுக்கு லெதர், லெதரெட்டே ஆனாலும், புத்திசாலித்தனமான தேர்வு. தூசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் துடைக்கிற பரப்பு நல்லது. குழந்தை சீட்டுக்கு அடியில் ஒரு விரிப்பு மட்டும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் அச்சு லெதரில் பள்ளமாகப் பதிந்து நிற்கும்.

துணி வாங்கி, பிறகு வெளியில் லெதர் கவர் தைத்துக்கொள்ளலாமே என்று பலரும் கேட்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. முன் சீட்டின் ஓரத் திண்டுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் கார்கள் நிறைய. மோதும்போது அது ஒரு குறிப்பிட்ட தையலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும், அதற்காகவே அந்தத் தையலைப் பலவீனமாகப் போட்டிருப்பார்கள். அதன் மேல் கெட்டியான கவரை இழுத்துத் தைத்தால் பை வரும் நேரமும் திசையும் கெடும். ஏர்பேக்குக்கு வழிவிடும் கவர் தானா என்று கேட்டு, அந்தத் தையலைக் கண்ணால் பார்த்த பிறகே போடச் சொல்லுங்கள்.

மறுவிற்பனையில் லெதருக்கு மதிப்பு அதிகம் என்பார்கள். நான் விற்றது மொத்தமே இரண்டு கார், பெரிதாகப் பேச எனக்குத் தகுதி இல்லை. லெதர் பெரும்பாலும் உயர்ந்த வேரியன்ட்டோடுதான் வருகிறது. கூடுதல் விலை லெதருக்கா, கூட வரும் மற்ற வசதிகளுக்கா என்று பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம். நல்ல நிலையில் இருக்கும் லெதர் படத்தில் அள்ளும் என்பதில் சந்தேகமில்லை. உரிந்த லெதரை மட்டும் நான் விற்றுப் பார்த்துவிட்டேன். அன்று வந்தவர் விரலைத் துடைத்துக்கொண்டே பேரத்தைத் தொடங்கினார், முடியும் வரை பேச்சு அந்தத் திண்டைவிட்டு நகரவேயில்லை.

என் மனைவிக்கு இன்னும் லெதர்தான் பிடிக்கும். பின் சீட்டில் மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் அந்தப் பால் வளையம் லேசாகத் தெரியும். அப்போதெல்லாம் ஒன்றும் சொல்லாமல் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள்.